விதியை நோகாதீர்கள்!

(தலைப்பு: ரக்பி ஆட்டத்தின் சுவையை அதன் விதிகள் கெடுக்கின்றனவா, கூட்டுகின்றனவா? ‘கூட்டுகின்றன’ என்ற அணியில் இரண்டாவதாகப் பேசியது.)

     

ஐயா, எனக்கு முன்னால் பேசிய அம்மையார் பத்து நிமிஷம் விதியைத் திட்டித் தீர்த்துவிட்டுப் போயிருக்காங்க. நம்ம ஊர்லே இது பழக்கம்தானே! பரீட்சையிலே பெயிலாப் போனா ‘எல்லாம் விதி’ம்பான். பஸ்ஸைத் தவறவிட்டா ‘விதி’ம்பான். கல்யாணம் ஆகி ஒரு மாசம் கழிச்சு ‘என்னப்பா எப்படி இருக்கே’ன்னு கேட்டா, அதுக்கும் ‘விதி’ம்பான்! (சிரிப்பு) இப்போ ரக்பி ஆட்டம் ரசிக்கலைன்னா அதுக்கும் விதிதான் காரணமாம். விதி பாவம் ஐயா, எத்தனை பேருக்குத்தான் பதில் சொல்லும்? (கைதட்டல்)

முதல்லே ஒண்ணு சொல்லிடறேன். ‘ரக்பிக்கும் நமக்கும் என்ன சம்பந்தம், அதை ஏன் இங்கே பேசணும்’னு சிலர் யோசிக்கலாம். இங்கிலாந்தும் ஸ்காட்லாந்தும் வருஷா வருஷம் மோதிக்கிற கோப்பைக்குப் பேர் என்ன தெரியுமா? கல்கத்தா கோப்பை! கல்கத்தாவிலே வெள்ளைக்காரர்கள் வைத்திருந்த ஒரு ரக்பி கிளப் 1878-லே கலைஞ்சது. வங்கியிலே இருந்த பணத்தை வெள்ளி ரூபாயா எடுத்தாங்க. அதை உருக்கி ஒரு கோப்பை செஞ்சு இங்கிலாந்துக்கு அனுப்பினாங்க. கைப்பிடி மூணும் நாகப்பாம்பு, மூடி மேலே ஒரு யானை. 1879-லேருந்து அந்தக் கோப்பைக்குத்தான் ஆட்டம். இலங்கையிலே கேட்கவே வேண்டாம். கண்டி டிரினிட்டி கல்லூரியும் கொழும்பு ராயல் கல்லூரியும் மோதுற பிராட்பி கேடயத்துக்குக் கூடுற கூட்டத்தைப் பார்த்தால் தேர்த் திருவிழா மாதிரி இருக்கும். ஆக, நமக்கும் பேச உரிமை உண்டு.

எதிரணியின் குற்றச்சாட்டு என்ன? மூணு. ஒண்ணு, விதி புரியலை. ரெண்டு, ஆட்டம் ஓடறதை விட நிக்கிறதே அதிகம். மூணு, ஓடிப்போய்ப் புள்ளி எடுக்கறதை விட்டுட்டு, எதிரி செய்ற தப்புக்காகக் காத்திருந்து உதைச்சே ஜெயிக்கிறாங்க. நியாயமான குற்றச்சாட்டுதான். நான் மறைக்க விரும்பலை. 80 நிமிஷ ஆட்டத்திலே பந்து உயிரோடு இருக்கிற நேரம் பெரும்பாலும் பாதிக்கும் குறைவு. ஆனா காரணம் விதியா? பார்க்கலாம்.

2023 அக்டோபர் மாசம், நியூசிலாந்து ஆக்லாந்திலே என் மகள் வீட்டிலே இருந்தேன். ஞாயிற்றுக்கிழமை காலை எட்டு மணி. பாரிஸ் நகரத்திலே உலகக் கோப்பை இறுதி ஆட்டம். நியூசிலாந்தும் தென்னாப்பிரிக்காவும். இட்லித் தட்டோட உட்கார்ந்தேன். பக்கத்திலே பேரன், ஏழு வயசு, கறுப்புச் சட்டை. எனக்கு ஒண்ணும் புரியலை. விசில் ஊதறாங்க. நிக்கிறாங்க. குனியறாங்க. எழுந்திருக்கிறாங்க. ‘என்னடா, சாமி கும்பிடறாங்களா?’ன்னு கேட்டேன். (சிரிப்பு) பேரன் என்னைத் திரும்பிப் பார்த்துட்டு, ‘தாத்தா, நீங்க கிரிக்கெட்டிலே எல்.பி.டபிள்யூ. சொல்லிக் கொடுத்தீங்களே, அதை விட இது சுலபம்’னான்.

ஐயா, அந்த வார்த்தை என்னைச் சுட்டுது. எல்.பி.டபிள்யூ. விதியை நினைச்சுப் பாருங்க. பந்து எங்கே குத்திச்சு, காலிலே எங்கே பட்டுது, மட்டைக்காரன் அடிக்க முயற்சி பண்ணினானா, படாம இருந்தா ஸ்டம்புக்குப் போயிருக்குமா... இவ்வளவையும் எங்க பக்கத்து வீட்டுப் பாட்டி கீரை ஆய்ஞ்சுக்கிட்டே ‘அவுட்டில்லேடா, வெளியே குத்திச்சு’ன்னு சொல்லும்! (சிரிப்பு, கைதட்டல்) பாட்டிக்கு அது எப்படிப் புரிஞ்சுது? பழக்கம். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல்னாளாம். பார்க்கத் தெரியாதவங்க விதி கோணல்ங்கறாங்க.

ரக்பிக்கு ஆதாரமான விதி ஒண்ணே ஒண்ணுதான். கையாலே பந்தை முன்னால எறியக் கூடாது. பின்னால வர்றவனுக்குத்தான் கொடுக்கணும். யோசிச்சுப் பாருங்க. போக வேண்டியது முன்னால. கொடுக்க வேண்டியது பின்னால. இதென்ன கிறுக்குத்தனம்னு தோணும். ஆனா இந்த ஒரு விதியாலேதான் அத்தனை அழகும் வருது. பந்து வச்சிருக்கிறவன் தானே எதிரி மேல மோதி அடி வாங்கணும். வாங்கிக்கிட்டே பின்னால வர்றவன் கையிலே பந்தைச் சேர்க்கணும். அவன் பத்தடி ஓடி அடுத்தவனுக்குக் கொடுக்கணும். இந்த விதியை எடுத்துட்டா என்ன ஆகும்? ஒருத்தன் எதிரிக் கோட்டுப் பக்கத்திலே போய்க் காலாட்டிக்கிட்டு நிப்பான். இன்னொருத்தன் இங்கேயிருந்து தூக்கி வீசுவான். அப்புறம் பாக்கி பதிமூணு பேருக்கு அங்கே என்ன வேலை? சுண்டல் விக்கலாம்! (சிரிப்பு)

நம்ம சடுகுடுவையே எடுத்துக்கங்க. மூச்சுப் பிடிச்சுப் பாடணும், மூச்சு விட்டா அவுட்ங்கறது விதி. அந்த விதி இல்லேன்னா அது ஆட்டமா? தெருச் சண்டை. போலீஸ் வந்துடும். (சிரிப்பு) சிரமத்தைக் கொடுக்கிறதே விதிதான். சிரமம் இருந்தாத்தான் சுவை.

சரி, ‘விதியாலே ஆட்டம் எப்பவாவது கெட்டதே இல்லையா?’ன்னு எதிரணித் தலைவர் கேட்பார். கெட்டிருக்கு ஐயா. நானே சொல்றேன். 1963-லே எடின்பரோ நகரத்திலே ஸ்காட்லாந்துக்கும் வேல்ஸுக்கும் ஆட்டம். அந்தக் காலத்திலே மைதானத்திலே எங்கே நின்னும் பந்தை நேரா வெளியே உதைக்கலாம். பந்து எந்த இடத்திலே கோட்டைத் தாண்டிச்சோ, அங்கே ‘லைன் அவுட்’ போட்டு ஆட்டம் தொடரும். வேல்ஸ் தலைவர் கிளைவ் ரோலண்ட்ஸ் பார்த்தார். பந்து வந்தா வெளியே உதை. மறுபடி வந்தா மறுபடி உதை. அன்னிக்கு எத்தனை லைன் அவுட் தெரியுமா? 111! கணக்குப் போட்டால் 43 விநாடிக்கு ஒண்ணு. வேல்ஸ் 6-0ன்னு ஜெயிச்சுது. பார்த்தவங்க எல்லாரும் தோத்துட்டாங்க! (சிரிப்பு, கைதட்டல்)

அதுக்கப்புறம் என்ன நடந்துச்சு? அதைத்தான் எதிரணி சொல்லாம விட்டுட்டாங்க. சில வருஷத்திலே விதியை மாத்தினாங்க. தன் கோட்டுப் பக்கத்துப் பகுதியிலே நின்னு உதைச்சாத்தான் பந்து வெளியே போன இடம் கணக்கு. அதுக்கு முன்னால வந்து நேரா வெளியே உதைச்சா, உதைச்ச இடத்துக்கு நேரே திரும்பி வரணும். உதைச்சதிலே ஒரு லாபமும் கிடையாது. ஓடித்தான் ஆகணும். கெடுத்ததும் விதி, திருத்தினதும் விதி!

புள்ளிக் கணக்கைப் பாருங்க. எதிரிக் கோட்டைத் தாண்டிப் பந்தைத் தரையிலே வைக்கிறதுக்கு ‘ட்ரை’ன்னு பேர். ட்ரைன்னா முயற்சி. ஏன் அந்தப் பேர்? ஆதி காலத்திலே அதுக்கு ஒரு புள்ளி கூடக் கிடையாது. கம்பத்துக்கு மேலே உதைச்சுப் பார்க்க ஒரு முயற்சி, ஒரு வாய்ப்பு, அவ்வளவுதான். இத்தனை பேரைத் தாண்டி உயிரைக் கொடுத்து ஓடினவனுக்குச் சம்பளம் பூஜ்யம்! (சிரிப்பு) அப்புறம் கொஞ்சம் கொஞ்சமா ஏத்தி மூணு புள்ளி ஆக்கினாங்க. 1971-லே நாலு. 1992-லே அஞ்சு. பெனால்டி உதைக்கு மூணுதான். ஓடறவனுக்கு மரியாதை கூட்டினது யார்? விதி.

இதை விடப் புதுசா ஒண்ணு சொல்றேன். 2023 உலகக் கோப்பை காலிறுதியிலே, பிரான்சுக்கு எதிரா ஆடின தென்னாப்பிரிக்க வீரர் டேமியன் வில்லெம்சே தன் கோட்டுப் பக்கம் பந்தைப் பிடிச்சார். ஃப்ரீ கிக் கிடைச்சுது. எல்லாரும் உதைப்பாங்க. அவர் உதைக்காம, ‘எனக்கு ஸ்க்ரம் கொடுங்க’ன்னு கேட்டார். தன் ஆட்கள் பலசாலிங்கற தைரியம். உலகமே அசந்து போச்சு. 2024 ஜூலையிலேருந்து ஃப்ரீ கிக் கிடைச்சா ஸ்க்ரம் கேட்க முடியாதுன்னு விதியை மாத்திட்டாங்க. ஆட்டம் நிக்குதேன்னு நீங்க கவலைப்படறதுக்கு முன்னாலயே விதி கவலைப்பட்டிருக்கு. பெனால்டி உதைக்கு 60 விநாடிதான்னு கடிகாரம் வேற வச்சுட்டாங்க.

அந்த ஸ்க்ரமைப் பத்தி அம்மையார் ரொம்பக் கிண்டல் பண்ணினாங்க. ‘பதினாறு தடியன்கள் தலையைக் குனிஞ்சு மாட்டிக்கிட்டு, வண்டி சேத்துலே சிக்கின மாதிரி நிக்கிறாங்க’ன்னாங்க. ஒரு பக்கத்து எட்டுப் பேரைக் கூட்டினா 900 கிலோவை ஒட்டி வரும். அந்தப் பதினாறு பேரும் ஒரே இடத்திலே சிக்கிக்கிட்டாத்தான் மைதானத்தோட மத்த இடமெல்லாம் காலியா இருக்கும். அங்கேதான் ஒல்லியான, வேகமான பையன் ஓடுவான். நீங்க கைதட்டற ஓட்டத்துக்கு இடம் வாங்கிக் கொடுக்கிறதே அந்தத் தடியன்கள்தான்!

இன்னொண்ணும் இருக்கு. ஸ்க்ரம் இருக்கிறதாலே குண்டானவனுக்கு அங்கே வேலை. லைன் அவுட் இருக்கிறதாலே நெட்டையானவனுக்கு வேலை. குள்ளமானவனுக்கு ஸ்க்ரம் பின்னாலேருந்து பந்தை எடுத்துக் கொடுக்கிற வேலை. 1895-லே வட இங்கிலாந்துக் கிளப்புகள் தனியாப் பிரிஞ்சு போனாங்களே, அவங்க லைன் அவுட்டை நீக்கினாங்க, 1906-லே ஆளைப் பதிமூணாக் குறைச்சாங்க. ரக்பி லீக் ஆட்டம் பிறந்துச்சு. வேகமான ஆட்டம், நல்ல ஆட்டம். ஆனா அங்கே எல்லா வீரர்களும் ஏறக்குறைய ஒரே அளவிலே இருப்பாங்க. இங்கே? கூட்டுக் குடும்பம் ஐயா! மாமா குண்டு, சித்தப்பா நெட்டை, அத்தான் குள்ளம். எல்லாருக்கும் பந்தியிலே இலை உண்டு! (பலத்த கைதட்டல்)

மூணாவது குற்றச்சாட்டு, உதைச்சே ஜெயிக்கிறாங்க. 1995 ஜூன் 24, ஜோகன்னஸ்பர்க். உலகக் கோப்பை இறுதி ஆட்டம். தென்னாப்பிரிக்கா 15, நியூசிலாந்து 12. ரெண்டு பக்கமும் ஒரு ட்ரை கூட இல்லை. எல்லாமே உதை. 80 நிமிஷம் முடிஞ்சு 9-9. கூடுதல் நேரத்திலே ஜோயல் ஸ்ட்ரான்ஸ்கி உதைச்ச ஒரு டிராப் கோல் முடிச்சு வச்சுது. அந்த மைதானத்திலே நெல்சன் மண்டேலா பச்சைச் சட்டை போட்டுக்கிட்டு வந்து நின்னார். எந்தச் சட்டையை நிறவெறியோட அடையாளம்னு கறுப்பின மக்கள் வெறுத்தாங்களோ, அதே சட்டையை, அணித் தலைவர் பியனாரோட ஆறாம் எண்ணோட போட்டுக்கிட்டு வந்தார். ‘ட்ரை இல்லை, காசைத் திருப்பிக் கொடு’ன்னு யாராவது கேட்டாங்களா? தப்புக்கு மூணு புள்ளிங்கற விதி இருந்ததாலே ஒவ்வொரு விநாடியும் நெஞ்சு அடிச்சுக்கிட்டுது.

உதைக்கணும்னு விதி கட்டாயப்படுத்தறதும் இல்லை. 2015-லே பிரைட்டன் நகரத்திலே ஜப்பானும் தென்னாப்பிரிக்காவும் ஆடினாங்க. அதுக்கு முன்னால உலகக் கோப்பையிலே ஜப்பான் ஜெயிச்சது ஒரே ஒரு ஆட்டம். கடைசி நேரத்திலே 32-29ன்னு ஜப்பான் பின்தங்கியிருக்கு. பெனால்டி கிடைச்சுது. உதைச்சா மூணு புள்ளி, ஆட்டம் சமன். ஊருக்குப் போய் மாலை போட்டுக்கலாம். அணித் தலைவர் மைக்கேல் லீச் உதை வேண்டாம்னுட்டார். நீங்க கேலி பண்ணின அந்த ஸ்க்ரமைக் கேட்டார்! 80 நிமிஷம் தாண்டிப் போச்சு. ஆனா பந்து சாகாம ஆட்டம் முடியாதுங்கறது ரக்பி விதி. பந்து கை மாறிக் கை மாறி, இடது மூலைக்குப் போய்ச் சேர்ந்துச்சு. ட்ரை! 34-32. தேர்ந்தெடுக்கிற உரிமையைக் கொடுத்தது விதி. தைரியத்தைக் காட்டினது மனுஷன். (கைதட்டல்)

நடுவர் அவர்களே, மணியிலே கை வைக்கிறீங்கன்னு தெரியுது. ரக்பியிலே நடுவர்கிட்டே எதிர்த்துப் பேசினா பத்து மீட்டர் பின்னால தள்ளிடுவாங்க. நான் பேசலை. (சிரிப்பு) ஆனா சிரிப்பை விட்டுட்டு ஒரு விஷயம் சொல்லணும்.

2003 உலகக் கோப்பை இறுதி ஆட்டம், சிட்னி. கூடுதல் நேரத்தோட கடைசி நிமிஷம். இங்கிலாந்துக்கு லைன் அவுட். ஸ்டீவ் தாம்சன்ங்கற வீரர் பந்தை நீளமா எறிஞ்சார். அந்தப் பந்துதான் கை மாறி ஜானி வில்கின்சன்கிட்டே போய், அவர் வலது காலாலே உதைச்சு, இங்கிலாந்து 20-17ன்னு உலகக் கோப்பையை ஜெயிச்சுது. 2020 டிசம்பர்லே அதே தாம்சன் வெளிப்படையாச் சொன்னார். அவருக்கு அப்போ வயசு 42. மறதி நோய் வந்திருக்கு. உலகக் கோப்பையை ஜெயிச்சது தனக்கு நினைவே இல்லைன்னார்.

உலகமே மறக்காத ஒரு நாள். அதை ஆடினவருக்கு நினைவில்லை.

அம்மையாரே, தலையிலே மோதினா சிவப்பு அட்டை, ஸ்க்ரம் சரிஞ்சா உடனே விசில், அடிபட்டவனை வெளியே கூட்டிட்டுப் போய்ச் சோதனை... இதெல்லாம் உங்க பொழுதுபோக்கைக் கெடுக்குதுன்னீங்க. சரிஞ்ச ஸ்க்ரமுக்கு அடியிலே ஒருத்தனோட கழுத்து இருக்கு. அந்தக் கழுத்திலே ஒரு அம்மா கட்டிப்பிடிச்சு வளர்த்த பிள்ளையோட உயிர் இருக்கு. அந்த 2023 இறுதி ஆட்டத்திலே நியூசிலாந்து அணித் தலைவர் சாம் கேன் தலை மோதலுக்காக வெளியேத்தப்பட்டார். பாக்கி ஆட்டம் பூரா பதினாலு பேர். அப்படியும் போராடினாங்க. 12-11. ஒரே ஒரு புள்ளியிலே தோத்தாங்க. என் பேரன் அழுதான். ‘விதி மோசம் தாத்தா’ன்னான். நானும் ஆமாம்னு சொல்லிட்டேன்.

மறு வருஷம் ஒரு சம்பவம். அவனோட ரக்பிக் குழுவிலேருந்து ஒரு தாள் வந்துச்சு. அதுவரைக்கும் இடுப்பிலே நாடா கட்டிக்கிட்டு, நாடாவை உருவற ஆட்டம்தான். இனிமே நிஜமாவே பிடிச்சுத் தள்ளற ஆட்டம். பெத்தவங்க கையெழுத்துப் போடணும். என் மகள் ரெண்டு நாள் அந்தத் தாளைக் குளிர்பெட்டி மேலயே வச்சிருந்தா. பேரன் வந்து வந்து பார்த்துட்டுப் போவான். மூணாம் நாள் ராத்திரி அவள் உட்கார்ந்து விதிப் புத்தகத்தைப் படிச்சா. எந்த உயரத்துக்கு மேலே பிடிக்கக் கூடாது, கழுத்திலே கை பட்டா என்ன தண்டனை, விழுந்தவனை எப்போ விடணும்னு பூராவும் படிச்சா. 2023-லே அந்த நாட்டிலே ஊர்க் கிளப் ஆட்டங்களிலே பிடிக்கிற உயரத்தை நெஞ்செலும்புக்குக் கீழே இறக்கினதையும் படிச்சா. படிச்சு முடிச்சுட்டுக் கையெழுத்துப் போட்டா.

ஐயா, அவள் கையெழுத்துப் போட்டது ஆட்டத்தை நம்பி இல்லை. விதியை நம்பி.

முதல் ஆட்டத்துக்கு நானும் போயிருந்தேன். குளிர். ஈரப் புல்லு. விசில், விசில், விசில். முன்னே மாதிரி இருந்தா சலிச்சிருப்பேன். அன்னிக்கு நான் பேரனைப் பார்க்கலை, மகளைப் பார்த்தேன். பிள்ளைங்க குவியலா விழுறப்போ அவள் மூச்சு நின்னுடும். விசில் ஊதினதும் மூச்சு வரும். எனக்குத் தடையாத் தெரிஞ்ச அந்தச் சத்தம், அவளுக்குத் தாலாட்டா இருந்துச்சு. பார்க்கிறவங்களோட சுவைன்னு பேசறோமே, பார்க்கிறவங்களிலே அம்மாவும் ஒருத்தி இல்லையா? (நீண்ட கைதட்டல்)

கடைசியிலே பேரன்கிட்டே பந்து வந்துச்சு. ஓடினான். ரெண்டு பேர் இடுப்பைப் பிடிச்சுட்டாங்க. முன்னால கோடு. எட்டிப் போட்டிருக்கலாம். போடலை. விழறப்போ திரும்பிப் பார்த்தான். பின்னால வந்தவன் கையிலே கொடுத்துட்டு விழுந்தான். அந்தப் பையன் போய்க் கோட்டிலே வச்சான்.

தான் அடி வாங்கி, பின்னால வர்றவங்க கையிலே கொடுத்துட்டுப் போறதுதானே நம்ம வீட்டிலேயும் அப்பா அம்மா செய்றது? அதைப் பிள்ளைக்குச் சொல்லிக் கொடுக்கிற விதி, ஆட்டத்தோட சுவையைக் கெடுக்குமா, கூட்டுமா? கூட்டும், கூட்டும் என்றே தீர்ப்பு வழங்க வேண்டும் என்று நடுவர் அவர்களைக் கேட்டுக்கொள்கிறேன்.

(பலத்த கைதட்டல்)